எய்வினின் காதுக்குள் முரன்ற வண்டு

எய்வினின் காதுக்குள் ஒரு வண்டு குடியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபவீட்டில் மட்டும்தான் அது விழிக்கும். பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் 'ம்ம்ம்' என்று முரலும். இரண்டு நிமிடம் கழித்து ஓயும். அப்பாடா என்று அவர் நிமிர்வதற்குள் மறுபடி ஆரம்பிக்கும். வீட்டில் இந்தத் தொல்லை கிடையாது, கடைத்தெருவில் கிடையாது. காது மெஷின் கொடுத்த இடத்தில் மூன்று முறை சோதித்துவிட்டு, மெஷினில் கோளாறு இல்லை என்றார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை எலெக்ட்ரீஷியன் வந்து, ஜெபவீட்டுத் தரைக்கடியில் பதித்திருந்த கம்பி வளையத்தை அளந்து பார்த்தார். அதிலும் கோளாறு இல்லை.

அந்த வளையம் இருப்பதே எய்வினைப் போன்றவர்களுக்காகத்தான். மைக்கில் பேசுவது அந்தக் கம்பியில் மின்சாரமாக ஓடும். மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் துடிக்கும். காது மெஷினுக்குள் கடுகளவு சுருள் ஒன்று உண்டு. அது அந்தத் துடிப்பைப் பிடித்து மறுபடியும் பேச்சாக்கிவிடும். நடுவே இருமலோ நாற்காலி இழுபடும் சத்தமோ வராது. பிரசங்கியார் காதோரம் குனிந்து பேசுவதுபோல இருக்கும். இருக்கவேண்டும்.

"அடுத்த ஞாயிறோட நிறுத்திக்கறேன்," என்றார் எய்வின். கூட்டம் முடிந்து, சமையலறை ஜன்னலில், அச்சில் சுடும் இனிப்பு அப்பமான வாஃபிளுக்காகத் தட்டை நீட்டியபடி சொன்னார். "வாயசைக்கிறதப் பாக்கறதுக்கு எதுக்கு நாப்பது கிலோமீட்டர் பஸ்ல வரணும்? வீட்லயே மீன் தொட்டி இருக்கு."

ஜன்னலுக்கு உள்ளே கரண்டியோடு நின்ற ஹால்வார் சிரிக்கவில்லை. எய்வினுக்கு வயது எழுபத்து மூன்று. மனைவி இறந்தபிறகு ஃபியோர்டின், அந்த நீண்ட கடற்கழியின், கடைக்கோடியில் தனியாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை என்றால், வாரம் முழுக்க மனிதக் குரல் என்று பஸ் டிரைவருடைய குரல்கூட அவருக்கு மிஞ்சாது.

ஹால்வார் முப்பத்தோரு வருடம் படகுத்துறையில் என்ஜின்காரராக இருந்தவர். ஃபியோர்டின் குறுக்கே பாலம் வந்தது. கார்களை ஏற்றிப்போன படகு நின்றது. அன்றிலிருந்து தினமும் காலையில், காபி கொதிக்கும் நேரத்தில், அவர் ஆண்டவரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவந்தார்: என்னை எதற்காக வைத்திருக்கிறீர்? மிஷன் ஆஸ்பத்திரிப் படகு ஒன்றுக்கு என்ஜின்காரர் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தார். முழங்காலைக் காரணம் காட்டி, ரொம்ப மரியாதையாக மறுத்து எழுதினார்கள். அதற்கடுத்த வாரம், சமையலறைச் சுவரில் தொங்கும் வேலைப்பட்டியலில், வாஃபிளுக்கு எதிரே, சமையலறைப் பொறுப்பிலிருந்த குன்வோர் அவர் பெயரை எழுதிவிட்டாள். உண்மையான அழைப்பு வரும்வரை இது என்று அவரும் கரண்டியைப் பிடித்தார்.

ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாதவர். குன்வோர் சனிக்கிழமையே வீட்டில் சுட்டு, ஆறிப்போனதைக் கொண்டுவருவாள். ஹால்வார் இரண்டு மின்சார வாஃபிள் அச்சுகளை வாங்கி, பிரசங்கம் நடக்கும்போதே இங்கே சுட்டார். 'ஆமென்' சொல்லும்போது வாஃபிள் சூடாக இருக்கும். பழுப்புச் சீஸ் அதன்மேல் லேசாக உருகும்.

"இன்னும் ஒரே ஒரு ஞாயிறு வாங்க," என்றார் ஹால்வார். "ஆனா சும்மா உக்காராதீங்க. என்ஜின்ல கோளாறு பிடிபடலன்னா நாங்க நேரம் குறிப்போம். சத்தம் எப்ப வந்துச்சு, எப்ப நின்னுச்சுன்னு. கோளாறு தானா மாட்டிக்கும்."

"பென்சிலோட உக்காந்தா, நான் குறிப்பெடுக்கறேன்னு பிரசங்கியார் பூரிச்சுப்போயிடுவாரே, என்ஜின்காரரே."

"பூரிக்கட்டும். செலவா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹால்வாருக்குக் கை தவறிவிட்டது. மாவு ஜாடி நழுவி, மேடை முழுக்க ஓடி, அச்சுகளின் அடியிலும் புகுந்தது. இரண்டு பிளக்கையும் பிடுங்கிவிட்டு, துடைத்து, மறுபடி மாவு கரைத்து, மறுபடி செருகினார். வாஃபிள் பாதிதான் தேறியது.

"பத்துப் பேருக்கு ஒண்ணா? இது என்ன பட்டினி உபவாசமா?" என்று குன்வோர் காபிப் பானையோடு பொரிந்துகொண்டிருந்தபோது, எய்வின் தாளை ஆட்டிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது.

"கேட்டுச்சுப்பா! நடுவுல கொஞ்ச நேரம் வண்டு செத்துப்போச்சு. அவரு ஒரு ஜோக் சொன்னாரு. ரெண்டு வருஷமா எல்லாரும் சிரிக்கறதப் பாத்து நானும் சிரிப்பேன். இன்னிக்கு நானே சிரிச்சேன். மத்தவங்களுக்கு முந்தி சிரிச்சேன்!"

ஹால்வார் தாளை வாங்கிப் பார்த்தார். 11.22 ஆரம்பம். 11.24 நின்றது. 11.25 ஆரம்பம். இப்படியே போய், 11.31 முதல் 11.42 வரை அமைதி. அதன் கீழே இரண்டு கோடு.

மாவு கொட்டியபோது அவர் கடிகாரத்தைப் பார்த்திருந்தார். மணி பதினொன்று முப்பத்தொன்று.

திரும்பி அச்சைப் பார்த்தார். அதன் சிவப்பு விளக்கு எரிந்தது. சூடு ஏறியதும் அணைந்தது. சற்று ஆறியதும் எரிந்தது. ரெண்டு வருஷம் என்றாரே எய்வின். வாஃபிள் வேலைக்கு ஹால்வார் வந்தும் இரண்டு வருடம்தான். ஆண்டவருடைய வீட்டில் அவருக்குக் கிடைத்தது இந்த ஒரே வேலை. அதை வைத்தே ஒரு மனிதரின் காதை அடைத்திருக்கிறார். எலெக்ட்ரீஷியனுக்கு எப்படித் தெரியும்? செவ்வாய்க்கிழமை யார் வாஃபிள் சுடுகிறார்கள்?

தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். எல்லோரும் கிளம்பும்வரை தட்டுக் கழுவினார். ஏற்கெனவே கழுவியதையும் கழுவினார். பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் எய்வின் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

"எய்வின், அந்த வண்டு நான்தான்."

"என்னது?"

"நான் சுடற வாஃபிள். அச்சுக்குக் கரண்ட் போறப்பல்லாம் உங்க காதுல முரலுது. பிளக்கப் புடுங்கினேன், நின்னுச்சு. தெரியாம செஞ்சேன். மன்னிச்சுக்குங்க."

எய்வின் தன் தட்டைப் பார்த்தார். அதில் அரை வாஃபிள் மிச்சம் இருந்தது. "அதுக்காக இதத் திருப்பித் தரமாட்டேன். வா, சோதிச்சுப் பாத்துடலாம்."

மைக்கைப் போட்டுவிட்டு எய்வின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். ஹால்வார் சமையலறையிலிருந்து கத்தினார்.

"இப்ப?"

"முரலுது!"

"இப்ப?"

"போச்சு!"

சரி, அச்சுதான். ஆனால் சமையலறையில் இருக்கும் அச்சு கூடத்தில் எப்படி முரலும்? ஹால்வாருக்கு அதுதான் ஒட்டவில்லை. எந்தப் பிளக்குக்கும் இரண்டு கம்பிகள் உண்டு. ஒன்றில் மின்சாரம் போகும், மற்றதில் திரும்பும். இரண்டும் ஒட்டிக் கிடந்தால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும், வெளியே எதுவும் தெரியாது. அவர் கூடத்தின் மறுகோடியிலிருந்த ஃப்யூஸ் பெட்டியிலிருந்து சுவரோரமாகக் குனிந்து குனிந்து கம்பியைத் தொடர்ந்தார். முழங்கால் முனகியது. ஒரு கம்பி இடப்பக்கச் சுவரோடு போனது. இன்னொன்று வலப்பக்கச் சுவரோடு. இரண்டும் கூடத்தை ஆளுக்குப் பாதியாகச் சுற்றிவந்து சமையலறையில்தான் சந்தித்தன. அப்படியானால் கூடம் முழுவதும் இன்னொரு பெரிய வளையத்துக்குள் இருக்கிறது. முதல் வளையம் பிரசங்கத்தைச் சொல்கிறது, இரண்டாவது வாஃபிளைச் சொல்கிறது. காது மெஷின் பாவம், இரண்டையும் கேட்கிறது.

"எந்தப் புத்திசாலி இப்படி இழுத்தான்?" என்றார் ஹால்வார் தரையிலிருந்தே.

நிமிர்ந்து பார்த்தால், எய்வின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊரே கைசேந்து கட்டினோம்ல, அம்பது வருஷம் முன்னாடி," என்றார். "கூலி கிடையாது, மத்தியானம் கஞ்சி மட்டும். கம்பி இழுக்கறதுக்கு நானும் என் சிநேகிதன் ஆன்ஸ்காரும். யாரு முதல்ல சமையலறைக்குப் போறதுன்னு பந்தயம். ஆளுக்கு ஒரு கம்பி, ஆளுக்கு ஒரு சுவரு."

"யாரு ஜெயிச்சது?"

"நான்தான்," என்றார் எய்வின். அடக்கப் பார்த்தும் சிரிப்பு பீறிட்டது. ஹால்வாரும் தரையில் உட்கார்ந்தபடியே சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார்.

கம்பியை மாற்றி இழுப்பது லைசென்ஸ் உள்ளவர் செய்யவேண்டிய வேலை. எலெக்ட்ரீஷியன் கோடை கழிந்துதான் வருவேன் என்றார். அதுவரை எய்வின் மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஹால்வார் வாரம் முழுக்க யோசித்தார். வாசல் முன்கூடம் பிறகு கட்டியது. அங்கே கம்பிகளை முறைப்படி ஒரே உறைக்குள் போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை எய்வினைப் பஸ்ஸில் வரவழைத்து, அச்சுகளை அங்கே செருகிப் பார்த்தார். வண்டு வரவில்லை.

"செருப்புக்கும் குடைக்கும் நடுவுலயா வாஃபிள்?" குன்வோர் இடுப்பில் கை வைத்தாள்.

"செருப்பத் தள்ளி வச்சுக்கலாம், குன்வோர்."

"வாசன உள்ள போனா பிரசங்கம் சீக்கிரம் முடிஞ்சிடும்," என்றார் எய்வின்.

"அத முதல்லயே சொல்லியிருக்கலாமே?" என்று குன்வோர் அப்போதே மேசையின் ஒரு முனையைத் தூக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹால்வார் முன்கூடத்தில் மாவு ஊற்றினார். கதவு திறந்திருந்தது. சமையலறைக்குள் எட்டாத பிரசங்கம் இங்கே தெளிவாகக் கேட்டது. இரண்டு வருடத்தில் அவரும் முதல்முறையாக ஒன்றை முழுசாகக் கேட்டார். ஓரிடத்தில் எய்வின் எல்லோருக்கும் முந்திச் சிரித்தார். பிரசங்கியார் ஜோக்கைப் பாதிதான் சொல்லியிருந்தார்; பரவாயில்லை.

கூட்டம் முடிந்ததும், இரண்டாம் வரிசையில் உட்காரும் ஒரு அம்மாள் உள்ளங்கையில் தன் காது மெஷினை ஏந்திவந்து நின்றாள். "இதுவும் ஏதோ கரகரங்குது. உனக்கு நேரமிருந்தா..." ஹால்வார் கையைத் துடைத்துக்கொண்டு, அதன் நுனியில் அடைத்திருந்த அழுக்கைச் சிறு தூரிகையால் எடுத்துக் கொடுத்தார். அவளுக்குப் பின்னால் இன்னும் ஒருவர் நின்றார்.

மறுவாரம் வேலைப்பட்டியலில், அவர் பெயருக்கு எதிரே 'வாஃபிள்' என்பதை அடுத்து, குன்வோரின் கையெழுத்தில் 'காது' என்று சேர்ந்திருந்தது. ஹால்வார் அதை நின்று படித்தார். அன்று காலை காபி கொதிக்கும்போது வழக்கமான கேள்வியைக் கேட்க மறந்துபோனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எய்வினின் பஸ் வர இன்னும் கால்மணி நேரம் இருந்தது. ஒரு அட்டையை எடுத்து, எல்லோருக்கும் புரியும்படி பெரிதாக எழுதி, சமையலறைப் பிளக் பாயிண்டின் மேல் ஒட்டினார்:

'வாஃபிள் அச்சை இங்கே செருகாதீர்கள். முன்கூடத்தில் செருகுங்கள். அங்கே போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் ஒட்டியே கிடக்கின்றன. வாஃபிள் சூடாக இருக்கும். எய்வினுக்கும் கேட்கும்.'