இடம் மாறிய சிங்க்

அர்ஷாத் மெஷின் வாளை நிறுத்திவிட்டுப் பலகையைப் புரட்டியபோது, சிங்க் பதிக்க வேண்டிய ஓட்டை அடுப்பு வைக்க வேண்டிய பக்கத்தில் இருந்தது. அளவு பிசகவில்லை. மூலைகள் நேர்த்தி. பக்கம் மட்டும்தான் மாறியிருந்தது.

லெமினேட் பலகையைக் குப்புறப் போட்டு வெட்டாவிட்டால் மேல்தகடு சிதறும் என்று போனில் பார்த்த வீடியோவில் ஒருவன் சொல்லியிருந்தான். குப்புறப் போட்டால் வலது இடதாகும் என்று அவன் சொல்லவில்லை. அதையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டிய ஆள் உலகத்தில் இருப்பான் என்று அவன் நினைத்திருக்க மாட்டான். அர்ஷாத்தோ கல்முனையில் ஒரு கணக்காய்வுக் கந்தோரில், மற்றவர்களின் பிழைகளைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குபவன்.

குசினிக்குப் பலகை போடும் யோசனை மாமாவுடையது. வீடு மகள் றிஸ்லாவுக்குச் சீதனமாகக் கட்டியது. அவளைக் கட்டிய அர்ஷாத் அதில் வந்து குடியேறியவன். நோயில் படுத்த அப்துல் ஹமீட் மாமாவைப் பார்க்க ஊரே வந்துகொண்டிருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றி ஊற்றிக் குசினி மேசையின் கால்கள் ஆட்டம் கண்டிருந்தன.

“நானும் அந்த மேசையும், யாரு முந்திப் போற எண்டு பாப்பம் மருமகன்” என்று மாமா படுத்தபடியே சிரித்தார். மரவேலை பாஸைக் கூப்பிடலாம் என்று றிஸ்லா சொன்னாள். நானே செய்கிறேன் என்று அர்ஷாத் சொன்னான். வீட்டோடு வந்த மாப்பிள்ளைக்கு இப்படி ஒரு ரோசம் இடைக்கிடை வரும்.

நபீஸா மாமி மருமகனோடு நேரே கதைப்பதில்லை. அது அவருடைய உம்மா காலத்து வழக்கம். “றிஸ்லா, சோறு ஆறுது” என்றால் அர்ஷாத் சாப்பிட வர வேண்டும். காரைதீவுப் பாடசாலையில் றிஸ்லா பாடம் நடத்திக்கொண்டிருக்கும் நேரத்திலும் மாமி “றிஸ்லா” என்றுதான் கூப்பிடுவார். அர்ஷாத்தும் றிஸ்லாவாகவே போய்ச் சாப்பிடுவான்.

ஓட்டை மாறியதை யாரும் பார்க்கும் முன் ஏதாவது செய்வது போலிருக்க வேண்டும் என்று, பின்சுவருக்கான ஒடுக்கமான துண்டை எடுத்து மறுபடி மெஷினைப் போட்டான். அவன் வெட்டிய இடத்துக்கும் மாமாவின் கட்டிலுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மெஷின் தூளைக் கக்கிக்கொண்டு கத்தியது. துண்டு முழுதாக அறுந்து விழுந்து, சத்தம் அடங்கிய பிறகுதான், உயிர் பிரியும் நேரத்தில் ஓதும் யாசீன் உள்ளேயிருந்து கேட்டது.

தூள் படிந்த தலையோடு ஓடினான். மாமாவின் கண்களை மாமி ஏற்கெனவே மூடியிருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. நல்ல மவுத்து என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். சந்தூக்கில் ஒரு முனையை அர்ஷாத் தோளில் வாங்கினான். மையவாடியிலிருந்து திரும்பும்போது, கடைசி நேரம் பக்கத்தில் இருந்தீர்களா என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில்தான் இருந்தேன் என்றான். பொய்யில்லை. சுவரைக் கணக்கில் எடுக்காவிட்டால் சரிதான்.

அவனுக்கு ஒரே ஒரு விசயம் தெரிய வேண்டியிருந்தது. அந்த இரைச்சலுக்குள் கிடந்து, எரிச்சலோடா மனிசன் போனார்? றிஸ்லாவிடம் கேட்டான். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்றாள். அவளுடைய சாச்சியிடம் கேட்டான். அவர் அழுதார். அடுத்த நாள் றிஸ்லாவிடம் திரும்பவும் கேட்டதற்கு, கொஞ்சம் சாப்பிடுங்கள் என்றாள்.

அயலார் சோறு கொண்டுவந்த நாட்களில் குசினி சும்மாதான் கிடந்தது. மாமி வெள்ளை உடுத்து, புருசனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இருக்க வேண்டிய இத்தாவுக்கு உள்ளறைக்குப் போனார். இனி வேற்று ஆண் எவனும் வேலைக்கென்று உள்ளே வர முடியாது. பாஸைக் கூப்பிடும் கதையும் முடிந்தது. மாமியின் முன்னால் வரத் தகுதியுள்ள ஒரே மரவேலைக்காரன் அர்ஷாத். குசினிக்கு அது நட்டம்தான்.

ஓட்டை குழாயிடம் போகாது என்பதால் குழாயை ஓட்டையிடம் கொண்டுவந்தான். சுவரோரமாக பைப் இழுத்து, பலகையைத் திருகாணி போட்டு இறுக்கி, விளிம்புக்குப் பசை பூசி முடிக்கும்போது றிஸ்லா பாடசாலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள். அடுப்பும் சிங்க்கும் இடம் மாறிய அந்தக் குசினி உண்மையில் வசதியாகவே இருந்தது. யாருக்கும் சொல்லிக்கொள்ள முடியாத வசதி.

பைப்பின் பூட்டை முறுக்கிக்கொண்டு சிங்க்குக்குக் கீழே படுத்திருந்தபோது மாமி கேத்தலோடு வந்து நின்றார். அவன் தலையை வெளியே எடுக்கவில்லை. முகம் தெரியாமல் கேட்பது லேசாக இருந்தது.

“மாமி, அண்டைக்கு அந்த மெஷின் சத்தம் மாமாக்குக் கரைச்சலா இரிந்திச்சா?”

இப்போது “றிஸ்லா” என்பார் என்று காத்திருந்தான். மாமி கேத்தலை மற்றக் கைக்கு மாற்றினார்.

“அர்ஷாத்” என்றார்.

அந்தப் பெயரை அவர் வாயால் அவன் கேட்டதே இல்லை. மெல்ல வெளியே வந்து எழுந்து நின்றான். மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவனைப் பார்த்தே சொன்னார்.

“கரைச்சல்தான். ரெண்டு காதும் அடைச்சிப் போச்சி. நிப்பாட்டச் சொல்லட்டா எண்டு கேட்டன். ‘வேணாம் புள்ள, வெட்டட்டும். நான் போனாலும் ஊட்டுல ஆள் இரிக்கி எண்டு கேக்குதுதானே’ எண்டாரு. அதச் சொன்ன மறுகாதான் கண்ண மூடினாரு.”

சொல்லிவிட்டுக் கேத்தலைக் குழாயடியில் பிடித்தார். குழாய் கொஞ்ச நேரம் காற்றைத் துப்பியது. பிறகு தண்ணீர் வந்தது.