ஒருலுக் விருந்துக்கு எத்தனை பேர்

தலைநகரம் பிஷ்கேக்கை விட்டு கோச்கோர் பக்கத்துக் கிராமத்துக்குச் சபீராவின் குடும்பம் குடிவந்தது ஜூலைக் கடைசியில். கணவன் ஜோல்தோஷுக்கு அங்கே கால்நடை மருத்துவர் வேலை. அவனுக்கு மாடு இருந்தால் போதும், அக்கம்பக்கத்தில் மனுஷர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. பதினான்கு வயது திலெக்கும் அப்பாவின் வாலைப் பிடித்துக்கொண்டு தொழுவம் தொழுவமாகச் சுற்றினான். பதினாறு வயது அக்மரல்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"ஒரு மாசம் பார்ப்பேன்," என்றாள் அம்மாவிடம். "என்னைத் தேடி ஒருத்தியாவது நம்ம வாசலுக்கு வரணும். வரலைன்னா பிஷ்கேக்குக்குப் போயிடுவேன். சித்தி வீட்லயே தங்கிப் படிச்சுக்கறேன்."

சபீரா சரி என்று வாக்குக் கொடுத்தாள். ஒரு மாதத்தில் ஒருத்திகூடவா வரமாட்டாள் என்ற தைரியம்.

குடிவந்த அன்றே பக்கத்து வீட்டு உல்கான் வேலியோரம் வந்து கூப்பிட்டிருந்தாள். "நாளைக்கு எங்க வீட்ல உங்களுக்கு ஒருலுக் விருந்து. மறுநாள் எதிர்வீடு. அப்புறம் தெரு முழுக்க வரிசையா இருக்கு. புதுசா வந்தவங்க ஒரு மாசம் அடுப்பு மூட்டவே வேணாம்."

"ஐயோ, எதுக்குக்கா உங்களுக்குச் சிரமம்? வேணாம். நாங்களே ஒருநாள் உங்களைக் கூப்பிடறோம்," என்றாள் சபீரா. எதிர்வீட்டுக்கும் அதே பதில். நகரத்தில் அதற்குப் பெயர் மரியாதை. அங்கேயே பிறந்து வளர்ந்தவள், வேறு என்ன சொல்வாள்?

அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. சபீரா மாவைப் பொரித்து பௌர்சாக் செய்து வைத்துக் காத்திருப்பாள். சாயங்காலம் திலெக் அத்தனையையும் காலி செய்வான். கால்வாயில் தண்ணீர் எடுக்கப் போகும் அக்மரல் போன மாதிரியே தனியாகத் திரும்பி வருவாள். நாள் குறையக் குறைய சபீரா இன்னும் அதிகமாகப் பொரித்தாள்.

மாதம் முடிந்த சனிக்கிழமை, மதிய வண்டிக்கு அக்மரல் பையைக் கட்டிவிட்டாள். சபீரா பொறுக்கமாட்டாமல் உல்கான் வீட்டுக்கு ஓடினாள்.

"நாங்க என்னக்கா தப்பு பண்ணோம்? எம்பொண்ணு இன்னைக்கு ஊரை விட்டே போறா."

உல்கான் பால் கறப்பதை நிறுத்தவில்லை. "ஒருலுக் வேணாம்னு சொன்னது யாரு? நானா?"

"உங்களுக்குக் கஷ்டம் குடுக்க வேணாமேன்னு..."

"நல்லாருக்கு உன் நியாயம்! இந்த ஊர்ல அதை வேணாம்னு சொன்னா, நாங்க இங்க தங்கறவங்க இல்லைன்னு அர்த்தம். போகப்போறவங்ககூட எம்பொண்ணு பழகிட்டு, அப்புறம் யாரு உக்காந்து அழறது?" உல்கான் பசுவின் காலைத் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். "இதை முத வாரமே கால்வாய்ல வச்சு உம்பொண்ணுகிட்ட சொன்னேனே. அவ சொல்லலையா?"

சபீரா வீட்டுக்குத் திரும்பியபோது அக்மரல் பை மேல் உட்கார்ந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

அக்மரல் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "தெரியும்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே போய் மன்னிப்புக் கேட்டிருப்ப. தெரு முழுக்கச் சாப்பிட்டிருப்போம். எனக்கும் நாலு பொண்ணுங்க சிநேகம் ஆயிருக்கும்." முடிச்சை இறுக்கினாள். "அப்புறம் நான் எப்படிம்மா போறது?"

சபீராவுக்குக் கோபம் பொங்கியது. நீ போகக் கூடாது என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாக்குக் கொடுத்தவள் அவள்தான். பெண் பொய் சொல்லவுமில்லை, ஏமாற்றிப் பிடுங்கவுமில்லை, சும்மா இருந்தாள், அவ்வளவுதான். சபீரா குனிந்து பையின் ஒரு காதைப் பிடித்தாள். மறு காதை அக்மரல் பிடித்தாள். வண்டி நிற்கும் தெருமுக்குவரை இருவரும் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

வண்டி கிளம்பும்போது அக்மரல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக் முகத்தைக் கோணிக் காட்டினாள், சின்ன வயதில் செய்வதுபோல. சபீராவுக்குச் சிரிப்பு வரவில்லை. புழுதி அடங்கும்வரை அங்கேயே நின்று அழுதாள்.

திரும்பி வரும்போது உல்கான் வேலியோரம் காத்திருந்தாள். பெண்ணை ஏற்றிவிட்டுத் தான் மட்டும் திரும்பி வருகிறவளை நன்றாகப் பார்த்தாள்.

"நீ இருக்கறவதான் போல," என்றாள். "நாளைக்கு ஆடு அடிக்கறோம். ஒருலுக். இந்தத் தடவை வாய் பேசாம வந்து சேரு. எத்தனை பேரு?"

நாலு என்று சொல்ல வாயெடுத்த சபீரா திருத்திக்கொண்டாள்.

"மூணு பேர்தான்க்கா."