சாரல் முரசின் நிருபர்

தென்காசியில் 'சாரல் முரசு' என்ற நாளிதழைத் தொடங்கியவர் சுந்தரபாண்டியன். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, நாலு பக்கத்தில் ஆரம்பித்தார். ஒரு சீசனில், குற்றாலத்தில் கலப்பட எண்ணெய் விற்ற கடைகளின் பெயர்களை வரிசையாகப் போட்டார். மறுநாள் கடைக்காரர்கள் அலுவலகக் கண்ணாடியை உடைத்தார்கள். உடைந்த கண்ணாடியின் படத்தையும் முதல் பக்கத்தில் போட்டார். அதன்பிறகு கடையம் முதல் செங்கோட்டை வரை டீக்கடைகளில் முரசுக்காகக் காத்திருந்தார்கள். கல்லூரி முடித்த கையோடு ஜெயசித்ரா அங்கே நிருபராகச் சேர்ந்ததும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான்.

அவள் சேர்ந்து பதினான்காவது வருடம், ஜூலையில், இலஞ்சியில் ஒரே தெருவில் பதினோரு பேருக்கு வயிற்றுப்போக்கு. அந்தத் தெரு முத்துசெல்வியின் நாலு வயது மகனுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"எழுதுங்கக்கா. முரசுல வந்தாத்தான் கேப்பாங்க" என்றாள் அவள்.

அந்தத் தெரு புழங்கும் வாய்க்காலின் கரையோடு ஜெயசித்ரா மேலே நடந்தாள். குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் பின்புறம், கக்கூஸ் குழாய் நேராக வாய்க்காலில் திறந்திருந்தது. படம் எடுத்தாள். அன்று மாலையே செய்தியைக் கொடுத்தாள்.

காலையில் பேப்பரைப் பிரித்தாள். 'ஈ மொய்த்த பண்டங்களால் இலஞ்சியில் வயிற்றுப்போக்கு: தாய்மார்களின் அலட்சியம்.' கீழே அவள் பெயர். கடைசிப் பக்கம் முழுக்க அந்த லாட்ஜின் விளம்பரம்.

சுந்தரபாண்டியன் அறையில் வடை தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, நான் எழுதுனது இது இல்ல."

"தெரியும்மா. அந்த வெளம்பரம் சீசன் முடியுற வரைக்கும் டெய்லி வருது."

"தாய்மார் அலட்சியம்னு யாரு எழுதுனது?"

"நாந்தான். தலைப்பு நல்லா அமைஞ்சிருக்குல்லா?"

அவர் முகத்தில் உண்மையாகவே பெருமை இருந்தது.

"எம் பேர எதுக்குப் போட்டிய?"

"ஒம் பேருன்னா இலஞ்சிக்காரன் நம்புவாம்லா" என்றபடி எண்ணெய்க் கையை அன்றைய முரசிலேயே துடைத்தார்.

அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு இலஞ்சிக்குப் போனாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த முத்துசெல்வி வாசலை மறித்து நின்றாள்.

"ஈ மொய்ச்சதப் பிள்ளைக்குக் குடுத்தேன்னு எழுதிட்டு இங்கன எதுக்கு வாரிய?"

"அத நான் எழுதல."

"ஒங்க பேருதான போட்டிருக்கு?"

ஜெயசித்ரா தெருவில் நின்றபடியே கலெக்டருக்கு மனு எழுதினாள். குழாயின் படங்களைக் காட்டினாள். முத்துசெல்வி மனுவை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். பிறகு தெருவே போட்டது. பத்து நாளில் அதிகாரிகள் வந்து குழாயை அடைத்தார்கள். முரசில் அந்தச் செய்தி வரவில்லை.

இலஞ்சியில் முரசு வாங்குவதை நிறுத்தினார்கள். ஏஜெண்ட் சேக் தாவூது கட்டைப் பிரிக்காமலே திருப்பிக் கொண்டுவந்து போட்டார். "ஒருத்தனும் தொட மாட்டேங்கான் அண்ணாச்சி." விஷயம் பரவி, கடையத்திலும் செங்கோட்டையிலும் அதே கதை. பொங்கலுக்கு முன்னால் பத்திரிகையை மூடுவதாக முடிவானது.

சுந்தரபாண்டியன் போன் செய்தார். "கடைசி இதழும்மா. உண்மைக்காக வாழ்ந்த முரசுன்னு ஒரு கட்டுரை. நீ எழுதுனாத்தான் நல்லாருக்கும்."

"அதையும் நீங்களே எழுதிக்கோங்க. எம் பேர மட்டும் போட்டுராதிய."

போனை வைத்தபின், அவருக்காகக் கொஞ்சமாவது வருத்தம் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. எழுந்து சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள்.