சாடிக்குள் அடைத்த நியூட்ரான்கள்

மயேலின் நியூட்ரான்கள் காணாமல் போகின்றன என்பது பிரான்சின் கிரெனோபிள் ஆய்வுக்கூடம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

அணுக்கருவை விட்டுத் தனியே வந்த நியூட்ரான் சராசரியாகக் கால் மணி நேரம் இருக்கும். பிறகு புரோட்டானும் எலக்ட்ரானுமாகச் சிதைந்துவிடும். அந்த ஆயுளைத் துல்லியமாக அளக்கத்தான், நியூட்ரானைச் சுவர் விழுங்காதபடி உள்ளே எண்ணெய் பூசிய உலோகச் சாடியில் மிக மெதுவாக நகரும் நியூட்ரான்களை அடைத்து வைத்தாள் மயேல். சாடியோ வெகு சீக்கிரமே காலியானது.

மதியச் சாப்பாட்டின்போது பக்கத்துக் குழுவின் பஸ்தியான் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"என்ன மயேல், உன் பிள்ளைங்க இன்னைக்கும் சுவரேறிக் குதிச்சிட்டாங்களா?"

"குதிக்கல. ஆயுசு முடிஞ்சு சாகுதுங்க."

"எங்க சாடியில நல்லாத்தானே இருக்கு! உன் கையில மட்டும் அற்பாயுசா?"

உருளைக்கிழங்கைக் குத்திய முட்கரண்டியை மயேல் கீழே வைத்தாள். செத்தனவா, தப்பித்தனவா? எப்படிக் கண்டுபிடிப்பது? நியூட்ரானுக்கு மின்சுமையே கிடையாது, அதை மின்புலத்தால் இழுக்க முடியாது. ஆனால் அது சிதைந்தால் மிஞ்சும் புரோட்டானுக்கு நேர்மின்சுமை உண்டே! அதை இழுத்து எண்ணிவிடலாம். சிதையாமல் தப்பிச் சுவருக்குள் போயிருந்தால் புரோட்டான் வராது.

தட்டை அப்படியே விட்டுவிட்டு, பட்டறையில் கருவிகள் செய்து தரும் இவோனிடம் ஓடினாள்.

"இவோன், மூடிக்கு மேல புரோட்டான் எண்ணுற கருவி ஒண்ணு வேணும்."

"மறுபடியும் பிரிக்கணுமா? உனக்கு வேற பொழப்பே இல்லையா?" என்று முனகியபடியே திருப்புளியைத் தேடினான் இவோன்.

கருவி ஓடியது. காணாமல் போன நியூட்ரான்கள் ஏராளம்; வந்த புரோட்டான்கள் சொற்பம்.

"தப்பிச்சிருக்குதுங்க! சாகல!" மயேல் இவோனைக் கட்டிக்கொண்டாள்.

"அப்போ நீ அளந்ததெல்லாம் தப்பு. அதுக்கா இந்தக் குதி?"

"எங்க தப்புன்னு தெரிஞ்சுபோச்சே!"

சாடியைத் திறந்து, விளக்கும் சிறு கண்ணாடியும் கொண்டு அங்குலம் அங்குலமாகத் தேடினாள். பற்றவைத்த விளிம்பில், சாடியைக் குளிர்வித்ததில் உறைந்த எண்ணெய்ப் பூச்சு வெடித்து, நகக்கண் அளவுக்கு வெற்று உலோகம் தெரிந்தது. சூடாக்கி, அவளே மீண்டும் எண்ணெய் பூசினாள்.

அடுத்த ஓட்டத்தில் குறைந்த நியூட்ரான்களுக்கு ஈடாகப் புரோட்டான்கள் வந்து விழுந்தன. ஒன்றுகூட ஏமாற்றிப் போகவில்லை என்று சொல்லும் அளவுக்குக் கணக்கு நேரானது. ஆயுளும் கால் மணியை ஒட்டி நின்றது. மயேலுக்குக் கண் கலங்கியது. உடனே சிரிப்பும் வந்தது.

செய்தி கேட்டு பஸ்தியான் வந்தான். "ஒருவழியா அடைச்சிட்ட போல."

"அடைச்சாச்சு. உன் சாடியில புரோட்டானை எண்ணிப் பாத்தியா?"

அவன் தாடையைச் சொறிந்தான். "அந்தக் கருவியக் கொஞ்சம் தர்றியா?"

"வரிசையில நில்லு," என்றாள். "உனக்கு முன்னாடி ரெண்டு குழு காத்திருக்கு."