ஓயாத கைதட்டல்

பாராட்டு விழா முடிந்து, நாற்காலிகளை அடுக்கி, அரங்கத்தைப் பூட்டிய பிறகும் கைதட்டல் நிற்கவில்லை. பாராட்டப்பட்டவரின் பின்னாலேயே பேருந்தில் ஏறி, தெருமுனையில் இறங்கி, அவர் வீட்டுக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிட்டது. அவர் பீரங்கிப் படையில் இருந்தவர், தெருவுக்கே பீரங்கிக்காரர். பக்கத்தில் நின்று சுட்ட பீரங்கியே அவருடைய இரண்டு காதுகளையும் வாங்கிக்கொண்டு மனிதரை வீட்டுக்கு அனுப்பியிருந்தது. ஆகவே, தனக்காக எழுந்த கைதட்டலை அவர் மட்டும் கேட்கவில்லை. பள்ளிச் சீருடை தைக்கும் அவருடைய மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்டாள்.

முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு தலைவலி வந்தது. தையல் எந்திரத்தில் நூல் அறுந்தால் சத்தம் தெரியாமல், வெறும் ஊசியால் காலர் காலராக ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் கொசு இல்லை. கண்ணுக்குத் தெரியாத உள்ளங்கைகளுக்கு இடையில் சிக்கி நசுங்கி, காலையில் பெருக்கும்போது தரையெல்லாம் கிடக்கும். கைதட்டலால் விளைந்த ஒரே நன்மை அதுதான். பக்கத்து வீட்டுக்காரர் வாடகையைக் குறைத்தும் ஆள் வராததால், அந்த வீட்டைப் பழைய இரும்பு போடும் கிடங்காக்கிவிட்டார். கைதட்டல் வீட்டுக்கு வந்துவிட்டதைக் கணவரிடம் அவள் சொல்லவே இல்லை. சொன்னால் அந்தக் கூச்ச சுபாவி வெளியில் தலைகாட்ட மாட்டார்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. தன் குரல் அவர் காதில் விழ வேண்டும். ஊர் திரும்பியதிலிருந்து அவர் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். படையில் இருந்தவர்களுக்கு அரசாங்கமே காது மெஷின் கொடுக்கிறது என்று யாரோ சொல்ல, அவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். வந்தது வினை. கைதட்டலும் கூடவே வந்தது. அலுவலகத்தில் அவர் கால் வைத்ததும், முன்வரிசையில் யாரோ தட்ட ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்து மொத்தப் பேரும் எழுந்து தட்டினார்கள். எதற்கு எழுந்தோம் என்று ஒருவருக்கும் தெரியாது. முதலில் நிறுத்தினால் மரியாதைக் குறைவாகிவிடுமே என்று ஒருவரும் நிறுத்தவும் இல்லை. பீரங்கிக்காரர் கும்பிட்டுக்கொண்டே நின்றார். அவள் கத்திக் கத்திக் கேட்டது ஒரு மேசையையும் எட்டவில்லை. அன்றைய கைதட்டலும் பழையதோடு சேர்ந்து வீட்டுக்கு வந்தது.

அடுத்த முறை தனியாகப் போனாள். ஆளை நேரில் பார்க்காமல் முடியாது என்றார்கள். கூட்டிப்போனாள், எழுந்து தட்டினார்கள். இப்படியே வருடங்கள் போயின. அதிகாரிகள் மாறினார்கள், கட்டடத்துக்கு வெள்ளையடித்தார்கள், கைதட்டல் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. தனியாகப் போன ஒருநாள் புது அதிகாரி எழுந்து நின்றே பேசினார்.

"உங்க வீட்டுக்காரரு மாதிரி ஆளுங்க இருக்கறதாலதாம்மா நாமெல்லாம் நிம்மதியா தூங்குறோம்."

"நீங்க தூங்குறீங்க சார். நான் தூங்கி எத்தனையோ வருஷமாச்சு. தட்டுனது போதும், மெஷினைக் குடுங்க."

"நன்றி சொல்றது ஒரு குத்தமாம்மா?" என்று அவர் முகம் வாடிப்போனார்.

முகம் வாடியதாலோ என்னவோ, கடைசியில் மெஷின் கிடைத்தது. சும்மா கொடுப்பார்களா? மேடை போட்டுத்தான் கொடுத்தார்கள். அரங்கம் அதிரத் தட்டினார்கள். பெட்டியைத் திறந்தால் உள்ளே பேட்டரி இல்லை.

வழியில் அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மெஷினைக் காதில் பொருத்தி, அவளே முடுக்கினாள். முதலில் என்ன சொல்வது என்று வருடக்கணக்காக யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோய், "சாப்பிட வாங்க" என்றாள்.

அவருடைய கண்கள் விரிந்தன. பிறகு நெற்றி சுருங்கியது. "என்ன இது, ஒரே இரைச்சல்? யாருக்குக் கை தட்டுறாங்க?"

"உங்களுக்குத்தாங்க" என்று கத்தினாள்.

அதையும் அவர் அவளுடைய உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டார். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார், கதவைச் சாத்தினார். "கொஞ்சம் நிறுத்துங்கய்யா, என் பொண்டாட்டி பேசுறா" என்று சுவர்களைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். அவர் பேச வாயெடுத்ததும் கைதட்டல் இன்னும் பலத்தது. பிறகு மெஷினைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"உன் குரல் மட்டும் கேக்கலடி. பரவால்ல, மெதுவா சொல்லு."

அழக்கூடத் தெம்பில்லாமல், சத்தமே எழுப்பாமல், ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்து அவள் மறுபடி கூப்பிட்டாள். அவர் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். தட்டுகள் அதிர்ந்து நகராமல் இருக்க இரண்டு பேரும் இடது கையால் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.