நஸீறாவின் தறி ஓடுகிறது

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. ஏறாவூரில் ஒரு புடவைக்கடையில், இடுப்பில் உடுக்கும் சாறன் ஒன்றுக்கு விலை கேட்டுக்கொண்டு நின்றேன். கப்பலில் வந்த சாறன்கள் கூரை முட்ட அடுக்கியிருந்தன. பக்கத்தில் நின்ற நபீஸா என்ற பெண் ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு, கடைக்காரருக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்: "இந்த விலைக்கு எங்கட மச்சிக்கு நூலும் வாங்க ஏலா."

மச்சி என்றது தமையனின் மனைவி, சாறன் நெய்யும் நஸீறாவை. மிச்சத்தைக் கடைவாசலில் நின்றே சொல்லி முடித்தாள்.

2

வாவியின் மேல் இளவெயில் பொன்னாக —

வேண்டாம். அது கடலோடு கலக்கும் வாவி. அதன் உப்புக்காற்றுத்தான் இந்தக் கதையின் வில்லங்கம். அதற்கு முலாம் பூசமாட்டேன்.

நஸீறாவுக்குத் தறிதான் உயிர் —

பொய். தறி அவளுக்கு முதுகுவலி. வேறு வேலை கிடைத்திருந்தால் அன்றைக்கே அதை விறகாக்கியிருப்பாள்.

3

நடந்தது இது. நஸீறா ஒரு முதலாளிக்குச் சாறன் நெய்தாள். நூல் அவருடையது, கூலி இவளுக்கு. கப்பல் சாறன் வந்த பிறகு அவர் கடைசியாக ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல், கொடுத்தார். குறுக்கே ஓட்ட நூல் தரவில்லை. "பொறுங்க" என்றார். பொறுத்ததில் ஒரு நோன்பு மாதமே வந்து போய்விட்டது. மகள் றுக்ஷானா கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன் என்று ஏஜென்சிக்காரனிடம் பாஸ்போட்டைக் கொடுத்துவிட்டாள்.

அப்போதுதான் இறக்குமதியால் வேலையிழந்த நெசவாளருக்கு அரசாங்கம் உதவி தரும் என்று அறிவித்தார்கள். பணம் வந்தால் ஒரு தையல் மெஷின். மெஷின் வந்தால் றுக்ஷானா போகமாட்டாள். நஸீறா வேறெதுவும் கேட்கவில்லை.

தறியைப் பார்க்க அலுவலர் வருவதாகச் சொன்ன நாள் காலையில், எந்த நெசவுக்காரியும் செய்வதை அவளும் செய்தாள். தறியில் உட்கார்ந்து நாலு விரல் அகலம் நெய்தாள்.

[ஏன் என்று கேட்பீர்கள். பாவு அசையாமல் கிடந்தால் உப்புக்காற்றில், பாவு இழைகள் நுழைந்து வரும் இரும்பு அச்சு துருப்பிடிக்கும், துரு நூலைத் தின்னும். அதனால் வேலையில்லாத நாளிலும் மிச்சம் மீதி நூலைப் போட்டுத் தறியை ஆட்டிவிடுவார்கள். கூலி கிடையாது. பாவு முதலாளியுடையது. அது கெட்டால் அவர் இனி ஒருபோதும் நூல் தரமாட்டார்.]

அலுவலர் வந்தார்.

[முதல் வரைவில் அவருக்குத் தொந்தியும் வெற்றிலை வாயும் வைத்தேன். பிறகு வெட்டினேன். அவர் மெலிந்த, மரியாதையான பெடியன். தேத்தண்ணி குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்றார். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எழுதுவது சுகம்.]

"அக்கா, இது இண்டைக்கு நெய்ததுதானே?"

"ஓம் தம்பி. துருப் புடிக்காம இரிக்க —"

"அப்ப தறி ஓடுது."

"ஓடல்ல தம்பி. சும்மா ஆட்டிவிட்டன்."

"ஓடுற தறிக்கு உதவி இல்லையே அக்கா. நான் என்ன செய்ய?"

அவர் போனதும் நபீஸா பாய்ந்தாள். "ஒனக்கு அறிவிரிக்கா மச்சி? மையத்துப் பாக்க வாற ஆளுக்கு மையத்த எழுப்பி இருத்தியா காட்டுற?"

பிணம் எழுந்து உட்காருவதை நினைத்து நஸீறாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததை நினைக்க ஆத்திரம் இன்னும் கூடியது.

4

நபீஸா அலுவலரின் கந்தோருக்கே போய்ச் சத்தம் போட்டதில், திங்கட்கிழமை மறுபடி பார்க்க வருகிறார்கள். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: நஸீறா பாவு முழுவதையும் வெட்டிப் போடுகிறாள். அலுவலர் பார்க்கிறார். "வெறுந் தறிதானே அக்கா. நீங்க நெய்யிற ஆளெண்டு நான் எப்பிடி எழுத?"

கெட்டிக்காரத்தனமான முடிவு. வாசித்துவிட்டு அடடா என்பீர்கள். உங்கள் அடடாவால் றுக்ஷானாவை விமானத்திலிருந்து இறக்க முடியாது. இது என் கற்பனையும் இல்லை. அடுத்த தெருவில் ஒருத்திக்கு நடந்தது. நஸீறாவுக்கும் அது தெரியும்.

இரண்டாவது: பணம் வருகிறது, மெஷின் வருகிறது, மகள் நிற்கிறாள். கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். நஸீறா கவனமாகக் கேட்டாள். "நல்லாரிக்கி. இது எந்த நாட்டில நடக்கிற கத?"

மூன்றாவது: பணத்துக்குப் பதிலாகக் காகிதப்பூச் செய்யப் பயிற்சி. கையில் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு வரிசையாக நின்ற பெண்களிடம் கொஞ்சம் சிரிக்கச் சொல்லி —

போதும்.

5

நான் வாசித்துக் காட்டும்போது நஸீறா மடியில் கத்தரிக்கோலை வைத்திருந்தாள்.

"கத கிடக்கட்டும் தம்பி. பாவ வெட்டவா, உடவா? அதச் சொல்லுங்க."

வெட்டினால் முதலாளி போனார். விட்டால் உதவி போனது. வெட்டியும் உதவி போகலாம். எப்படிப் போனாலும், பிழை செய்தவள் நஸீறா என்றுதான் எழுதுவார்கள். கப்பலை உள்ளே விட்டவர்களின் வீட்டுக்கு யாரும் எதையும் பார்க்கப் போகவில்லை. தறியைப் பார்க்க மட்டும் இரண்டு தரம் ஆள் வருகிறது.

இங்கே ஒரு முடிவை எழுதினால் அந்தப் பிழையை நானும் அவள் தலையில் கட்டியவன் ஆவேன். எழுதமாட்டேன்.

திங்கட்கிழமை காலை நஸீறா தறிக் கொட்டிலில் இருப்பாள். பக்கத்தில் நபீஸா வாயோடு நிற்பாள். வேறு யார் நின்றார்கள் என்பதை நீங்கள் எழுதுங்கள். வந்து நின்றுவிட்டு எழுதுங்கள்.