கினுயோ அக்காவின் நிழல்

1

இந்தக் கதை ஒரு படிவத்தில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சுகாதார அலுவலகத்திலிருந்து வந்தவர் அதை என் சாப்பாட்டு மேசையில் வைத்து, "நடந்ததை நடந்த மாதிரியே எழுதிக் குடுங்கம்மா" என்றார். நான்கு கோடுகள் போட்டிருந்தன. மூன்றரைக் கோட்டில் முடித்துவிட்டேன். வட ஜப்பானில் எங்கள் யமகதா மாவட்ட இதழில் ஆறு கதைகள் எழுதியவள் நான். சுருக்கமாக எழுத வரும். அவர் வாசித்துவிட்டு, "தெளிவா இருக்கு" என்று முத்திரை குத்தி எடுத்துக்கொண்டு போனார்.

அதில் ஒரு சொல் பொய். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை பக்கம்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "மே மாதத்து ஈரக் காற்றில் ஹோஸ்டாக்கள் தம் பச்சைக் குருத்துகளை"

வேண்டாம். ஒருத்தி செத்துப் பிழைக்கிற கதையில் காற்றுக்கு என்ன வேலை?

இரண்டாவது வரைவு: "பக்கத்து வீட்டுக் கினுயோ ஒரு பொல்லாதவள்." இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் இப்போதே என் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.

விஷயத்தை மட்டும் சொல்கிறேன். என் பெயர் தமயே. வயது அறுபத்தாறு, தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள். கினுயோ அக்காவுக்கு எழுபத்து நான்கு. அவர் வீடு என் வீட்டுக்குத் தெற்கே. நடுவில் அவருடைய ஒன்பது தேவதாரு மரங்கள். என் தோட்டத்துக்கு வரவேண்டிய வெயிலையெல்லாம் அவை குடித்துவிடும். வெட்டச் சொல்லி இருபது வருஷம் கேட்டேன். "பனிக்காத்தைத் தடுக்குதுடி. உன் தக்காளிக்காக நான் விறைச்சுச் சாகணுமா?" என்பார்.

கடைசியில் நான்தான் விட்டுக்கொடுத்தேன். நிழலில் எது வாழுமோ அதை வைத்தேன். ஹோஸ்டா. நீல இலை, பொன் விளிம்பு, உள்ளங்கை அகலம், முறத்து அகலம் என்று இன்றைக்கு அறுபது தூறுகள் இருக்கின்றன. நத்தைகளை விடியற்காலையில் கையால் பொறுக்கிப் போடுவேன். ஓடைப்பக்க மூலையில் சாதாரணப் பச்சை ரகம், சமையலுக்கு. அதன் இளங்குருத்தைத்தான் நாங்கள் உருய் என்போம். வெந்நீரில் ஒரு கொதி விட்டு, புளிப்பான மிசோ என்கிற சோயா விழுது போட்டுத் தின்பது.

போன வாரம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கினுயோ அக்கா சொன்னார்:

"திங்கக்கிழமை ஆளு வருது. மரத்தையெல்லாம் சாய்க்கப்போறேன்."

"எதுக்குக்கா?"

"புயல்ல வீட்டு மேல விழும்னு செண்டாய்ல இருந்து மகன் தினமும் போன்ல கத்தறான். நீயும்தானே இருபது வருஷமா வெட்டு வெட்டுன்னே? இப்ப சந்தோஷமா?"

"அக்கா, இப்ப வெட்டுனா என் செடியெல்லாம் வெயில்ல கருகிடும்."

அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உனக்கு வெயில் இருந்தாலும் அழுகை, இல்லாட்டியும் அழுகை."

3

சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு கட்டு உருய் அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சமாதானத்துக்கு. இன்னும் ஒரு முறை கேட்டுப் பார்ப்பதற்கு.

(இந்த இடத்தில் வாசகர் சந்தேகப்பட வேண்டும் என்று எழுதினேன். பிறகு எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது. ஆகையால் சத்தியமாகச் சொல்கிறேன்: கொடுக்கும்போது எனக்கு ஒன்றும் தெரியாது.)

அவர் வாங்கிக்கொண்டு, "லஞ்சமா?" என்றார்.

"சாப்பாடு."

"தின்னுட்டு வெட்டுவேன், பரவாயில்லையா?" என்று கதவைச் சாத்தினார்.

4

பதினொன்றே முக்காலுக்கு மேல் இருக்கும். எனக்கும் கொஞ்சம் அறுக்கலாம் என்று அதே மூலைக்குப் போனேன். ஓடையோரம் ஒரு குருத்து மட்டும் மிச்சம் இருந்தது. கத்தியை வைத்தேன்.

அதற்குக் காம்பு இல்லை.

உருய் இலைக்கு நீளக் காம்பு உண்டு. நரம்புகள் நடுத்தண்டிலிருந்து பிரியும். இது தண்டையே சுற்றிக்கொண்டு, விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக, நரம்புகள் அடியிலிருந்து நேராக ஓடின. நுனியைக் கிள்ளி நாக்கில் வைத்துத் துப்பினேன். கசப்பு. நாக்கு மரத்தது. பைகேய். உருய் மாதிரியே முளைக்கிற நச்சுச் செடி. போன வருஷம் மலைச் சரிவிலிருந்து ஒரு உருய்த் தூறு பெயர்த்து வந்து நட்டேன்; அதன் வேரோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. வேகவைத்தாலும் அதன் நஞ்சு போகாது. ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் பக்கத்தில் யாராவது இதைத் தின்று மருத்துவமனைக்குப் போவார்கள்.

சுற்றிலும் பார்த்தேன். அதே தடிமனில், புதிதாக அறுத்த நான்கு அடித்தண்டுகள். காலையில் அக்காவுக்குக் கொடுத்த கட்டில் போனவை.

படிவத்தில் இதற்கு அடுத்த வாக்கியம்: "கண்டதும் உடனே ஓடினேன்."

உடனே. அதுதான் அந்தச் சொல்.

கினுயோ அக்கா பன்னிரண்டு மணிக்குச் சாப்பிடுவார். நகராட்சி ஒலிபெருக்கியில் நண்பகல் மணி ஒலித்ததும் உட்கார்ந்துவிடுவார், ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகாது. என் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மரங்களுக்கு அப்பால் அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வானொலி கேட்டது. ஓட வேண்டும் என்று தெரிந்தது. கத்தியைக் கீழே போடவேண்டும் என்றுகூடத் தெரிந்தது.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

நண்பகல் மணி ஒலித்தது. ஒலித்து முடிந்தது. அதற்கப்புறம்தான் என் கால் நகர்ந்தது.

5

"துப்புங்கக்கா! துப்புங்க!"

செருப்போடு உள்ளே ஓடியிருக்கிறேன். அவர் என் முகத்தையும் செருப்பையும் மாறி மாறிப் பார்த்தார். உருய் வைத்திருந்த சின்னக் கிண்ணம் பாதி காலியாக இருந்தது.

"என்னடி, குடுத்ததைத் திரும்பக் கேக்க வந்துட்டியா?"

"அது உருய் இல்லக்கா. பைகேய். விஷம்."

அவர் சாப்பாட்டுக் குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்தார். "கசந்துது. மிசோ கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன்." பிறகு, வேறு குரலில்: "நெசமாவா, தமயே?"

ஆம்புலன்ஸ் வர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அதற்குள் அவர் விரல்கள் மரத்துப்போயின. பாத்திரம் பாத்திரமாக வாந்தி எடுத்தார். நான் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தேன். கழுத்தில் நாடியை எண்ண எண்ண, ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போனது. "மகனுக்குச் சொல்லாதே, பயந்துருவான்" என்றார். வண்டியில் ஏற்றும்போது கண் சொருகிவிட்டது.

6

ஏன் நின்றேன்? இந்தப் பாத்திரத்தை, அதாவது என்னை, மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அதிர்ச்சியில் கால் உறைந்துவிட்டது. (நம்பக்கூடியது. ஆனால் உறைந்த கால்காரி கடிகாரம் பார்க்கமாட்டாள்.)

நஞ்சு கொடுத்தவள் என்று ஊர் பேசுமே என்ற பயம். (பாதி உண்மை.)

[அடித்தது: அவர் இல்லாவிட்டால் திங்கட்கிழமை மரங்கள் நிற்கும் என்று]

அடித்த பிறகும் படிக்க முடிகிறது. அப்படியே விட்டுவிடுகிறேன்.

திங்கட்கிழமை மரம் வெட்டுபவர்கள் வந்தார்கள். "வீட்டம்மா இல்லீங்களா?" என்று என்னிடம்தான் கேட்டார்கள். அக்கா அப்போது இதயத் துடிப்பைக் காட்டும் திரைக்குக் கீழே படுத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திரும்பிப் போயிருப்பார்கள். "அவங்க சொன்ன வேலையைச் செய்ங்க" என்றேன். பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். அந்த மரங்கள் நின்றால், அடித்த அந்த வரி தினமும் என் கண்ணெதிரே நிற்கும். அவ்வளவுதான்.

ஒன்பதும் மாலைக்குள் விழுந்தன. இப்போது என் தோட்டம் முழுக்க வெயில். நாணல் தட்டிகளைக் கட்டி மறைத்திருக்கிறேன். அப்படியும் பொன் விளிம்பு ரகத்தில் ஓரம் வெளுக்கத் தொடங்கிவிட்டது.

7

அக்கா பிழைத்துக்கொண்டார். புதன்கிழமை பார்க்கப் போனேன். கையில் ஊசி, குரலில் பாதிதான் இருந்தது.

"மரம்?"

"வெட்டியாச்சுக்கா."

"ம்."

படிவத்தில் எழுதியதையே அவரிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். இந்தக் கதையின் மூன்றாவது வரைவில் அப்படித்தான் செய்கிறேன். அழகான முடிவு, இரண்டு பேரும் அழுகிறோம். நடந்தது அதுவல்ல. கட்டிலுக்கு முன்னால் நின்று, இடுப்பு வளைய, தலை தரையைப் பார்க்கக் குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். காம்பில்லாத இலை, கடிகாரம், குழாய்ச் சத்தம்.

"எவ்வளவு நேரம் நின்னே?"

"மணி அடிச்சு முடியறவரைக்கும். பத்து நிமிஷத்துக்கு மேல."

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். பிறகு கினுயோ அக்கா சொன்னார்:

"நானா இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருப்பேன்."

இதை அவர் எந்த முகத்தோடு சொன்னார்? ஒரு வரைவில் சிரித்துக்கொண்டு சொல்கிறார். இன்னொன்றில் பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்குத் தெரியாது. நான் குனிந்தே இருந்தேன்; தரையில் கட்டிலின் சக்கரம் மட்டும்தான் தெரிந்தது. நிமிர்ந்தபோது அவர் கண்ணை மூடியிருந்தார்.

அந்த முகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்கள். நாளைக் காலை மகன் அவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறார். நான் வாசலில் போய் நிற்பதா, உள்ளே இருந்துவிடுவதா என்று தெரியவில்லை.